யாரும் கேட்காத ரிப்போர்ட்

1

இந்தக் கதை எனக்கு அடுப்படியில் கிடைத்தது. கொடுத்தவள் என் நாத்தனார். "எழுதித் தொலைச்சிடாதீங்க அண்ணி" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். தலையாட்டிவிட்டு நேரே மேஜைக்கு வந்துவிட்டேன். எழுதுகிறவளிடம் வாய்விட்டால் வேறென்ன நடக்கும்?

முதல் வரி: அந்த மருந்துக் கிடங்கின் இருளில் மரணம் மெல்லத் தன்...

மரணமாம், இருளாம். அடித்துவிட்டேன்.

2

மறுபடி. ஒரு மருந்து கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்பவள் என் நாத்தனார். எந்த விவரம், எப்போது, யாருக்கு மெயிலில் போகவேண்டும் என்று கம்ப்யூட்டரில் குறித்து வைத்தால் போதும், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்படி வருஷக்கணக்கில் சேர்ந்துபோனவை ஏராளம். பாதியை யாரும் திறப்பதுகூட இல்லை. மேனேஜர் அதற்கொரு வழி வைத்திருந்தார்.

"சொல்லாம நிறுத்து. எவனாவது கத்தினா திரும்பப் போடு. கத்தலைன்னா அழிச்சிடு."

அவள் நிறுத்தியவற்றில் ஒன்று குளிர் அறை ரிப்போர்ட். உள்ளே சூடு எல்லை தாண்டினால் மட்டும் கிடங்குக்காரருக்குப் போவது. யாரும் கத்தவில்லை.

(வராமலிருந்தால் நல்லது என்கிற ரிப்போர்ட்டை, வரவில்லையே என்று யார் கேட்பார்கள்? இது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கும் அவள் சொல்லித்தான் உறைத்தது.)

3

கிடங்குக்காரரை முதலில் சோம்பேறியாகத்தான் எழுதினேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் போன் போட்டு, அந்த மெயில் வருகிறதா என்று பட்டும் படாமலும் விசாரித்தபோது அவர் சொன்னது சோம்பேறி பேசுகிற பேச்சாக இல்லை.

"சூடு ஏறினாத்தானேம்மா வரும்? ஒண்ணும் வரலை. நிம்மதியா இருக்கேன்."

"சரிங்க" என்று போனை வைத்துவிட்டாள். அவள் விசாரித்ததற்குக் காரணம் இருந்தது: ரிப்போர்ட்டை அழிக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தாள். இரண்டாம் அறையில் போன வாரம் முழுக்கச் சூடு. உள்ளே இருப்பது இன்சுலின், சூடு பட்டால் கெட்டுப்போகும். சாயங்காலம் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவார்கள். மேனேஜரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உன்னை யாராவது கேட்டாங்களா? பேசாம இரு. நிறுத்தினது உன் கை. நான் சொன்னேன்னு எழுத்துல எங்கயாவது இருக்கா?"

4

முடிவு ஒன்று: கிடங்குக்காரரிடம் உண்மையைச் சொல்கிறாள். வண்டி நிற்கிறது, வேலை போகிறது.

(இன்னும் நிரந்தரமாகாத வேலை. கைநீட்டுகிற புருஷனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். "இதுவும் போச்சுன்னா அண்ணன் என்னை அங்கயே கொண்டுபோய் விட்ருவாரு" என்றாள். என் வீட்டுக்காரர் விடக்கூடியவர்தான்.)

முடிவு இரண்டு: வாயே திறக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண், ஊசி போட்டும் குழந்தைக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று...

இதை என்னால் எழுத முடியாது.

முடிவு மூன்று: மேனேஜர் மனம் மாறுகிறார். அது கதையில்கூட நடக்காது.

5

ஒன்றை மறைத்துவிட்டேன். செய்தாள், சொன்னாள் என்று எப்போதோ நடந்து முடிந்ததுபோல எழுதிக்கொண்டு வந்தேன். ரிப்போர்ட்டை நிறுத்தியதுதான் பழசு, மற்றதெல்லாம் இன்று காலை நடந்தது. அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், மடியில் லேப்டாப்போடு. சாயங்காலம் இன்னும் ஆகவில்லை.

அடுப்படியில் அவள் கேட்ட கேள்வி ஒன்றையும் எழுதாமல் விட்டேன். "நான் என்ன அண்ணி பண்ணட்டும்?" கதை கிடைத்த குஷியில் பதில் சொல்லாமலே எழுந்து வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மேலே இருக்கிற மூன்று முடிவுகளையும் இப்போது படித்துப் பார்த்தேன். மூன்றிலும் அவள் தனியாக இருக்கிறாள். ஒன்றிலும் நான் இல்லை.

"சொல்லிடும்மா, உங்க அண்ணனை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடலாம். அந்த மனுஷனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

நான்காவது முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் போய் அவள் கதவைத் தட்டுகிறேன்.