கறுப்பியின் வயிற்றில் இருந்தது

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் காட்டப் போனாலும் ஒரு படத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பல் வலியா, படம். முழங்கால் வலியா, படம். தொட்டுப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. மரக்கிடங்கின் காவல்காரக் கிழவருக்கு அந்தப் படங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இப்போது நாய்க்கும் படம். கிடங்கு நாய் கறுப்பி, வயிறு உப்பி, கால்நடை ஆஸ்பத்திரியின் தகர மேசைமேல் சரிந்து கிடந்தது. பக்கத்தில் கிழவரின் மகள்.

"கர்ப்பப்பை பூரா சீழ்ங்க. இன்னைக்கே எடுத்துடணும்," என்றாள் டாக்டரம்மா.

"அது குட்டிம்மா. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு செவப்பு நாய் வேலி தாண்டினத நானே பாத்தேன்."

"குட்டின்னா இந்நேரம் எலும்பு தெரியும், துடிப்பு தெரியும். தண்ணி நிறைய குடிக்குதா?"

"வெயிலுக்கு நானுந்தான் குடிக்கிறேன்."

"அப்ப உங்களையும் மேசையில ஏத்திடலாமாப்பா?" என்றாள் மகள்.

கிழவர் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

"பின்பக்கம் ஏதாவது ஒழுகுச்சா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"பத்து நாள் முன்னாடி. வெந்நீர்ல உப்பு போட்டுக் கழுவினேன், மூணே நாள்ல நின்னு போச்சு," என்றார் பெருமையாக.

"நின்னதுதாங்க ஆபத்து. கர்ப்பப்பை வாய் மூடிக்கிச்சு. வெளிய வழியில்லாம சீழ் உள்ளயே கட்டுது. பை கிழிஞ்சா வயிறு பூரா பரவிடும். விஷம் ரத்தத்துல ஏறி, சிறுநீரகம் இப்பவே தடுமாறுது."

ஒழுகினாலும் தப்பு, நின்றாலும் தப்பு. நல்ல தொழில்தான் என்று நினைத்துக்கொண்டார் கிழவர்.

"பருவம் வராம இருக்க ஊசி ஏதும் போட்டீங்களா?"

"இல்ல."

பதில் வந்த வேகமே காட்டிக்கொடுத்தது.

"அப்பா ரெண்டு தடவை போட்டாரு, டாக்டர்," என்றாள் மகள். "கருத்தடை பண்ணலாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நல்லா இருக்கிற நாய் மேல எதுக்குக் கத்தி வைக்கணும்னாரு. கடைசியில தீவனக் கடைக்காரரக் கூட்டிட்டு வந்து ஊசி போட்டாரு."

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த ஊசியாலயும் இது வரலாம்," என்று மட்டும் சொல்லிக் குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது நம்பியிருப்பார். திட்டாதவர்கள் மனதில் ஏதோ கணக்கு வைத்திருப்பார்கள் என்பது கிழவரின் எண்ணம்.

"கத்தி வேண்டாம்னு ஊசி போட்டேன். ஊசி போட்டதால கத்தியா?" என்று முணுமுணுத்தார்.

படிவம் வந்தது. மகள் படித்துக் காட்டினாள்.

"செத்துப் போனா நான் வாயத் திறக்கக் கூடாது. அதுக்குத்தானே இது?"

"ஆமாங்க," என்றாள் டாக்டரம்மா. "பண்ணலைன்னா நிச்சயமா பிழைக்காது. பண்ணினா வாய்ப்பு இருக்கு."

கிழவர் குனிந்து, "கறுப்பி," என்றார். அது கழுத்தைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீரைக் கக்கிவிட்டு, அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டது. கிழவர் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

"எடுத்தத என் கண்ணுல காட்டணும். காட்டாம எறியக் கூடாது."

இரண்டு மணி நேரம் கழித்து, அறுத்தெடுத்த கர்ப்பப்பை ஒரு தட்டில் வந்தது. கவைக்கிளைபோல இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் கிழவரின் முன்கைப் பருமன். ஒரு மூலையில் கசிந்ததன் நாற்றத்தில் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிழவர் மட்டும் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

"இது கறுப்பியோடதுதான்னு என்ன அத்தாட்சி?"

"இன்னைக்கு வேற நாய் எதுவும் அறுக்கலைங்க."

"நேத்து அறுத்திருக்கலாமே."

"அப்பா, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள் மகள்.

உள்ளறையில் கறுப்பி மருந்து நீர் ஏற, நாக்கு வெளியே தொங்க, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சை எண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார் கிழவர்.

"சிறுநீரகம் தேறுமான்னு ரெண்டு நாள் இங்க வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள் டாக்டரம்மா.

கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"ரெண்டு நாளாம்," என்றார் தெருவில், பின்னால் வந்த மகளிடம். "அதுக்குள்ள இன்னும் என்னத்த எடுக்கப் போறாங்களோ."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.