கம்பெனி சோப்பு

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வாசலுக்கு வந்தபோது பேச்சிமுத்துவை மரப்பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க முனீஸ்வரிக்குத் தெம்பில்லை. புருஷனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கல்குவாரிக்கு வெடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் மருந்தை உருக்கி ஊற்றிய கை. மஞ்சள் அரைத்த அம்மி போல இருந்தது. கண்ணும் மஞ்சளானபோது காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகையில் ஈரல் முழுக்கக் கெட்டிருந்தது. மூன்றே நாளில் ஆள் போய்விட்டார்.

"குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டான்" என்று பேச்சிமுத்துவின் அண்ணன் காளை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பீர், அவ்வளவுதான் மனிதர் குடித்தது. மல்லுக்கட்ட அவளுக்குச் சீவனில்லை.

"கையத் தேய்ங்கப்பா, சோப்பு கொண்டாங்க."

மகன் அருண்பாண்டி உள்ளே ஓடி, பரணில் குவிந்துகிடந்த கம்பெனி சோப்பில் ஒன்றை எடுத்துவந்தான்.

"அதத் தொடாதடா! ஆகாத சோப்பு!" என்று கத்தினாள் முனீஸ்வரி.

இரண்டு வருடமாகக் கம்பெனியில் மாதம் ஒன்று கொடுத்தார்கள். முதல் நாள் பேச்சிமுத்து குழாயடியில் கை கழுவியபோது நுரை சிவப்பாக வந்தது. "ரத்தமாட்டம் வருது. இனி இதப் போட்டா நான் சோறு போட மாட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். கம்பெனியிலும் ஒருத்தரும் அதைத் தொடுவதில்லையாம், கையை அலசிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்களாம். மறுநாளே நல்ல வாசனை சோப்பாகப் பார்த்து வாங்கி வைத்தாள்.

அதற்குள் அருண்பாண்டி தேய்த்துவிட்டான். அப்பனின் விரல்களுக்கிடையே நுரை சிவந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாலையோடு நின்ற மைக்கேல்ராஜ் முன்னால் வந்தான். பேச்சிமுத்துவின் பக்கத்தில் நின்று மருந்து ஊற்றுகிறவன்.

"ரத்தமில்ல மதினி. கையில மருந்து ஒட்டியிருந்தா அந்த சோப்பு செவக்குமாம். நுரை வெள்ளையா வார வரைக்கும் கழுவணுமாம். இல்லேன்னா தோலு வழியா உள்ள ஏறி ஈரலக் கெடுத்துருமாம். முந்தாநாள் இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஆபீசர்தான் சொன்னாரு. அதுவரைக்கும் யாரும் சொல்லல."

"இவருக்குச் சொல்லலியா?"

"அண்ணேதான் ஆஸ்பத்திரியில கெடந்தாரே."

சொல்லிவிட்டு மைக்கேல்ராஜ் தன் கைகளை மாலைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

கழுவப் போன கையைத் தடுத்தவள் முனீஸ்வரிதான். மகனிடமிருந்து சோப்பை வாங்கினாள். பெஞ்சருகே உட்கார்ந்து, புருஷனின் வலது கையை மடியில் வைத்து, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்தாள். சிவந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னாள். மறுபடி தேய்த்தாள். மறுபடியும் சிவந்தது.

"வண்டி வந்துருச்சு. போதும், விடும்மா" என்றார் காளை.

"இன்னொரு கொடம் ஊத்துடா" என்றாள் மகனிடம்.

நான்காவது குடத்துக்கு நுரை வெளுத்தது. கையைத் துடைத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். பிறகு எழுந்து பெஞ்சைச் சுற்றி வந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.