ஒரு பல் கீழே

மேட்டுத் தெருவில் ஏறும்போது ஜினெட் மோட்டார்சைக்கிளை இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றினாள். வண்டி ‘டங்’ என்று கத்தியது. கத்தினதுதான் மிச்சம், கியர் விழவில்லை; எஞ்சின் மட்டும் வெறுமனே அலறியது. மறுபடி கிளட்சைப் பிடித்து, கால் பெருவிரல் வலிக்க நெம்பித் தூக்கி, ஒருவழியாக உள்ளே தள்ளினாள். மேட்டுக்கு மேலே கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு இது கேட்டிருக்கும். கனடாவின் சட்பரி ஊர் முழுக்கவே கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

ரைமோ, பல் டாக்டர் வாசலில் காத்திருப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

ரைமோ நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பாறை சரிந்து அவன் இடது காலில் விழுந்தது. டாக்டர்கள் கணுக்காலை ஆணி போட்டு இறுக்கிவிட்டார்கள். நடக்கிறான், படியேறுகிறான், சனிக்கிழமை தவறாமல் சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளக்கிறான். ஆனால் பாதம் மேலும் கீழும் அசையாது. மோட்டார்சைக்கிளில் கியர் இடது காலில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து வண்டி கராஜுக்குள்ளே, அவன் கராஜ் வாசலில்.

அந்த நாற்காலியைப் பார்த்தாலே ஜினெட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்திரண்டு வயதில் அவள் பயிற்சி வகுப்புக்குப் போய் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் வாங்கியது வேறு எதற்குமில்லை. அவள் ஓட்ட, அவன் பின்னால் உட்கார, ஜூலையில் ஏரிக்கரையில் இருக்கும் அவன் தம்பியின் கேம்ப் வீட்டுக்கு முன்போல இரண்டு பேரும் போக வேண்டும். ரைமோ உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. கியரை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள், பார்க்கலாம் என்றான். பார்த்தான், கேட்டான், மே மாதம் முழுக்கக் கேட்டான். ஜூனில் வண்டியை விற்பதாக விளம்பரம் கொடுத்துவிட்டான். பக்கத்து ஊரான எஸ்பனோலாவிலிருந்து ஓர் ஆள் நாளைக் காலையில் பார்க்க வருகிறான். வண்டி போனால் நாற்காலி நிரந்தரம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு மோரிஸ் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஊரில் யார் வண்டி இருமினாலும் இவன்தான் வைத்தியன்.

“ஆயிலை மாத்தினியா?”

“மாத்தியாச்சு.”

“கிளட்ச் கேபிளு?”

“அதையும் இழுத்துக் கட்டியாச்சு. செயினையும் பாத்தாச்சு. நீ சொன்னது எல்லாத்தையும் செஞ்சாச்சு மோரிஸ். இன்னும் சாமி கும்பிடறது ஒண்ணுதான் பாக்கி.”

“அப்ப தப்பு வண்டியில இல்லம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி உனக்குக் கியரே மறந்துபோச்சு. பஸ்ஸுல அதுவா போட்டுக்கும், இதுல நீதானே போடணும்!”

“உன் வீட்டுப் புல்லு முழங்கால் உயரம் வளந்திருக்கு. போய் அதைக் கவனி.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்தது.

“பயிற்சி வண்டியில எனக்கு வெண்ணெயா விழுந்துச்சு கியர். ஒரு தடவைகூடச் சத்தம் வரலை,” என்றாள் ஜினெட்.

“என்கிட்ட இத்தனை வருஷம் இருந்துச்சு. ஒருநாள் சத்தம் போட்டதில்ல,” என்றான் ரைமோ.

“அப்ப நான்தான் உதவாக்கரைங்கற?”

“நான் அப்படிச் சொல்லல. அந்தச் சத்தத்தை உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து என்னால கேக்க முடியாது, அவ்வளவுதான். விட்டுடு ஜினெட். நாளைக்கு அவன் எடுத்துட்டுப் போகட்டும்.”

“நீ விட்டுட்டேங்கறதுக்காக நானும் விடணுமா?”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது. ரைமோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவள் எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுவதை அவனுக்குக் காட்டப் பிடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவோரப் பாயில் எல்லோர் வீட்டையும் போலச் செருப்பும் பூட்ஸுமாகக் குவிந்து கிடந்தன. அவளுடையது எங்கோ அடியில். தேடப் பொறுமையில்லை. மேலாகக் கிடந்த ரைமோவின் பழைய சுரங்க பூட்ஸில், கம்பளிச் சாக்ஸோடு காலை நுழைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினாள். இரும்பு வைத்த முனை, தடித்த அடி, ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் கனம்.

அந்த ஊரில் ஜூனில் ராத்திரி ஒன்பது வரை இருட்டாது; வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கோபத்தில் மேட்டை விட்டு இறங்கியவள், ரயில்வே கேட் தாண்டிய பிறகுதான் கவனித்தாள். இரண்டு, மூன்று, நான்கு. எந்தச் சத்தமும் இல்லை. தற்செயலாக இருக்கும் என்று குறைத்து, மறுபடி ஏற்றினாள். கியர் விழுந்ததே தெரியவில்லை. கறுத்த பாறைகளுக்கு நடுவில் வண்டி ஓரமாக நின்றது. ஜினெட் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

கியர் லீவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த யானைக்கால் பூட்ஸ் அதன் அடியில் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுடைய மெல்லிய பூட்ஸ் என்றால் பாதித் தூரம் காற்றில் போய்த்தான் லீவரைத் தொட்டிருக்கும். மீதித் தூரத்துக்குப் பாதம் எட்டியிருக்காது. கியர் பாதியில் நின்று கத்தாமல் என்ன செய்யும்? வண்டிமேலும் தப்பில்லை, அவள்மேலும் தப்பில்லை. ரோட்டோரத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பி மேட்டில் ஏறியபோது ரைமோ தெருவுக்கே வந்து நின்றிருந்தான்.

“சத்தமே வரலையே, யாரு ஓட்டினது? மோரிஸா?” என்று கேட்டான்.

“மோரிஸுக்கு இப்படி ஓட்டத் தெரிஞ்சா அவன் ஏன் வேலியில தொங்கறான்?” ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இடது காலைத் தூக்கிக் காட்டினாள்.

ரைமோ பூட்ஸைப் பார்த்தான். லீவரைப் பார்த்தான். கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“நான்தான் ஏத்தி வச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சு பூட்ஸைக் கழட்டாமலே வண்டி எடுப்பேனே, முனை லீவர் அடியில நுழையாதுன்னு, லீவர் மாட்டற பல்லுத் தண்டுல ரெண்டு பல்லு மேல ஏத்தினேன். வாங்கின வருஷமே. சுத்தமா மறந்தே போச்சு.”

கராஜுக்குள் போய் ஸ்பேனரோடு வந்தான். அசையாத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து போல்ட்டைத் தளர்த்தினான். லீவரை உருவிக் கையில் எடுத்தவன், திரும்ப மாட்டாமல் அப்படியே வைத்திருந்தான்.

ஜினெட்டுக்குப் புரிந்தது. கீழே இறக்கி மாட்டிவிட்டால் இனி அவன் பூட்ஸ் அதில் நுழையாது. இத்தனை நாள் கராஜில் நின்றாலும் அது அவன் காலுக்குத்தான் காத்திருந்தது.

“வேண்டாம் ரைமோ. நான் உன் பூட்ஸையே போட்டுக்கறேன்.”

“பாதி பூட்ஸ் காலியா கெடக்கு. ஒருநாள் கழண்டு ரோட்டுல விழும், பின்னாடி வர்றவன் காரு கண்ணாடி போகும்,” என்றான். குரல் கொஞ்சம் கரகரத்தது. “போ, உன்னோடதைப் போட்டுட்டு வா. அளவு பாக்கணும்.”

அவள் மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். ஒரு பல் கீழே மாட்டிப் பார்த்தான். அவள் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினான். போதவில்லை. இன்னொரு பல் இறக்கினான். இந்தத் தடவை பொருந்தியது. போல்ட்டை முறுக்கினான், முறுக்கிய பிறகும் ஒருமுறை முறுக்கினான்.

“எஸ்பனோலாக்காரனுக்குப் போன் போட்டுடு. வண்டி விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லு,” என்றான்.

“நீயே போடு. விளம்பரம் கொடுத்தது நீதானே.”

மறுநாள் காலை ரைமோ பழைய ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வளையாத காலை ஒருமாதிரி சுற்றிப் போட்டுப் பின்னால் ஏறினான். மோரிஸ் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலிக்கு ஓடி வந்தான். இப்படி ஒரு காட்சியை அவன் விடுவானா?

“என்ன ரைமோ! கடைசியில பொண்டாட்டி முதுகைப் புடிச்சுக்கிட்டுப் போற நிலைமையா?”

ஜினெட்டுக்குத் திக்கென்றது. பின்னால் இருப்பவன் இறங்கிவிடுவானோ என்று பயந்தாள். அவன் இறங்கவில்லை. அவள் மேட்டில் இறங்கி, தெருமுனையில் திருப்பி, வேண்டுமென்றே மறுபடி மேலே ஏற்றினாள். மோரிஸின் வேலிக்கு நேரே வரும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள்.

ரைமோ அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக் கத்தினான்.

“கேட்டியாடா மோரிஸ்?”

“என்னத்தைடா? ஒண்ணும் கேக்கலையே!”

“அதான்!” என்றான் ரைமோ.