அக்கா மடித்த பாராசூட்

விமானத் தளத்தில் பாராசூட் மடிக்கும் கூடத்துக்கு மட்டும் கூரை ரொம்ப உயரம். நனைந்தவற்றைக் கப்பியில் மாட்டி மேலே இழுத்துக் காயப்போடுவார்கள். வெள்ளைத் துணிக்குள் வெயில் இறங்கினால் மேகத்துக்குள் நிற்பது போல இருக்கும். அக்காவுக்கு அங்கே பன்னிரண்டு வருட வேலை. மடித்த பை ஒவ்வொன்றிலும் மடித்தவரின் கையெழுத்துச் சீட்டு உண்டு.

தம்பி போர் விமானி. சின்ன வயதில் மதில், மாடி என்று பார்த்த இடத்திலிருந்தெல்லாம் குதிப்பான். வீட்டில் அவன் பெயர் வாலு. போர் மூண்ட ஐந்து வாரத்தில் முப்பத்தொரு முறை பறந்துவிட்டான். குண்டு போட வந்த விமானங்களை இரண்டு தடவை ஊரை நெருங்கவிடாமல் விரட்டியடித்தான். எப்போதும் அக்கா மடித்ததைத்தான் கேட்டு வாங்குவான்.

"போர்வையையே ஒழுங்கா மடிக்கத் தெரியாது உனக்கு. உன்னை நம்பிப் போறேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"வாயை மூடிட்டுக் கிளம்புடா."

முப்பத்திரண்டாவது தடவை போனவன் திரும்பவில்லை. விமானம் தீப்பிடித்து ஏரியில் விழுந்ததாம். குதித்தும் பாராசூட் திறக்கவில்லையா, குதிக்கவே இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அக்காவின் தூக்கத்தில் தம்பி இறங்கிக்கொண்டே இருந்தான். அவசரமே இல்லாமல், கையை ஆட்டிக்கொண்டு. தரை மட்டும் வரவே வராது. விழித்தால் ஒரே கேள்விதான்: என் மடிப்புதான் அவனைக் கொன்றதா?

மூன்றாம் வாரம் மேற்பார்வையாளர் சேறு படிந்த ஒரு பையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"விமானத்தை எடுத்துட்டாங்கம்மா. தம்பி இருக்கையிலயேதான் இருந்தான். இதை இழுக்கவே இல்லை. கீழே முழுக்க வீடுங்க. ஏரி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கான்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. அடுத்த மூச்சில் பொல்லாத கோபம்.

"வேற யாரையாவது பிரிக்கச் சொல்லவா?"

"வேண்டாம் சார். நான் மடிச்சது."

பிடியை இழுத்தாள். சிக்கில்லாமல், முறுக்கில்லாமல், ஈரத்துணி மேசை நெடுக ஓடியது. கப்பியில் மாட்டி உயர்த்தியதும் ஜன்னல் காற்று உள்ளே புகுந்தது. துணி மெல்ல மெல்ல விரிந்து முழு வட்டமானது. அக்கா அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"திறக்குதுடா வாலு," என்றாள். "ஒரே ஒரு இழுப்பு. அவ்வளவுதானேடா."