இருவாச்சி நெய்

பங்குனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. அருவி பாறையை நனைக்கிற அளவுக்கு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். சாரல் காலத்துக் கடைகள் ஓலைத் தட்டி சாத்திக் கிடக்கும். அருவிக்கு மேலே கிராம்புத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் பேச்சுத் துணை என்று யாரும் வாய்ப்பதில்லை.

தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுவடியானுக்கு மார்கழியிலிருந்தே இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. தென்காசி டாக்டர் கொடுத்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். "இருவாச்சி நெய் ஒரு குப்பி கெடச்சா எந்திருச்சு நடந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் ஞானபாக்கியம் சென்னையில் விலங்கியல் படித்துத் தேறியவள். இருவாச்சிப் பறவையின் கொழுப்பு மனிதனின் மூட்டுக்குள் போய் ஒன்றும் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா இறந்தபின் அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான். அவர் வலியில் அழுததை ஒருநாள் பார்த்துவிட்டாள். அதன்பின் மலையில் தேன் எடுக்கிற மாடக்கண்ணுவிடம் அவளே போய் நெய் கேட்டாள். எங்கேயோ யார் வீட்டிலோ இருக்கும், வாங்கிவந்து தருவான் என்று நினைத்துக் கேட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் மாடக்கண்ணு முற்றத்தில் வந்து நின்றான்.

"ஐயா, மரம் ஆப்ட்டுட்டு. ஆம்பிளப் பறவ பழத்த முழுங்கிட்டுப் போறதப் பாத்துப் பின்னாலேயே போனேன். தேனருவித் தடத்துல, சாஞ்ச ஆயினி மரம். பெட்ட உள்ள அடஞ்சு கெடக்கு. இருந்த எடத்துலேயே தின்னு கொழுத்துருக்கும். ரெண்டு குப்பிக்குக் கொறையாது."

ஏசுவடியானின் முகம் மலர்ந்தது. "இன்னைக்கே எடுத்துருவியா?"

"மத்தியானம் கஞ்சியக் குடிச்சிட்டுக் கோடாலியோட போறேன்."

ஞானபாக்கியம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டது அவள். இப்போது வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாலு பேர் முன்னால் எதையும் சொல்ல அவளுக்கு எப்போதுமே நாக்கு எழுந்ததில்லை.

கல்லூரியில் ஒருநாள் இருவாச்சிக் குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. பழம் தின்று காடெங்கும் விதை போடுகிற பறவைகள். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் இருக்கும், வாசல் அடைபட்டிருக்கும், ஒரு கீற்று இடைவெளியில் சேவல் பழம் ஊட்டும். யார் அடைப்பது என்று ஒருத்தி கேட்டாள். "வேற யாரு? புருஷன்தான்" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. ஞானபாக்கியம் சிரிக்கவில்லை. அதை அப்படியே நம்பினாள்.

கோடாலி வருமுன் வாசலைத் திறந்துவிட்டால் பறவை பறந்து போய்விடும். நெய் கிடைக்காததற்கு யார்மேலும் குற்றம் வராது. அப்பாவிடம் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, துணிமூட்டைக்குள் அரிவாளை வைத்துக்கொண்டு தேனருவித் தடத்தில் ஏறினாள்.

மரம் சரிவில் சாய்ந்திருந்தது. மேலே இருந்த பாறையில் ஏறி நின்றால் பொந்து கைக்கு எட்டியது. கீழே அத்திக்கொட்டைகள் சிதறி முளைவிட்டிருந்தன. காய்ந்த எச்சமும் பழச்சக்கையும் குழைத்துப் பூசிய சுவர் செங்கல்போல இறுகியிருந்தது. அரிவாள் நுனியால் கொத்தினாள். உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. "இந்தா, ஆச்சு, ஆச்சு" என்று அதனிடம் பேசினாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுப் பேசியது அதனிடம்தான்.

ஒரு கை நுழைகிற அளவுக்குச் சுவர் பெயர்ந்ததும் பெரிய மஞ்சள் அலகு பாய்ந்து வந்து அவள் விரலைக் கவ்வியது. இழுத்துக்கொண்டாள். ரத்தம் வடிந்தது.

பறவை வெளியே வரவில்லை. வெளுத்த கண்ணால் அவளைப் பார்த்தது. அதன் காலடியில் நீண்ட இறக்கைச் சிறகுகள் உதிர்ந்து மெத்தைபோலக் கிடந்தன. இறக்கையில் இருந்தவை புதிதாக முளைத்த குருத்துகள் மட்டும். அது பறக்க முடியாது. வயிற்றுக்கு அடியில் தோல் மட்டுமே போர்த்த குஞ்சு ஒன்று தலையைத் தூக்க முயன்று விழுந்தது.

ஞானபாக்கியம் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பொந்துக்குள் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பெட்டை தன் எச்சத்தை அலகின் பக்கவாட்டால் அள்ளி, உடைந்த விளிம்பில் அப்பித் தட்டிக்கொண்டிருந்தது. அப்பியது, தட்டியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, மறுபடியும் தட்டியது.

புருஷன் அடைக்கவில்லை.

அவள் திறந்ததை மூட அதற்குச் சில நாட்களாவது ஆகும். கோடாலி மத்தியானமே வருகிறது.

மாடக்கண்ணு வந்தபோது பாறைமேல் அவளைக் கண்டு திகைத்தான். பொந்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"அடடே, என் வேலையப் பாதி முடிச்சிட்டீங்களே தாயி! கையவிட்டுக் கழுத்தப் பிடிச்சா ஆச்சு."

"வேண்டாம்."

"என்னது?"

"நெய் வேண்டாம்."

"நீங்கதானே தேடி வந்து கேட்டீங்க?"

"நான்தான் கேட்டேன். நான்தான் வேண்டாங்கேன்."

"ஐயா படுத பாடு உங்களுக்குத் தெரியாதா? படிச்ச பிள்ள, பெத்த தகப்பன விடப் பறவ பெருசாப் போச்சாக்கும்?"

பொந்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அலகு அவள் முதுகில் குத்தியது. அசையவில்லை.

மாடக்கண்ணு கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டான். மென்று முடித்துத் துப்பினான். அவள் இறங்குவதாக இல்லை என்று கண்டதும் எழுந்தான்.

"ஐயாட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க. எம்மேல பழி வரப்பிடாது. இந்த மரத்த நான் தொடல."

சாயங்காலம் ஏசுவடியான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முக்காலிமேல் கழுவிய குப்பிகள் இரண்டு தயாராக இருந்தன. ஞானபாக்கியம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"கையில என்ன?" என்றார் கடைசியில்.

"கொத்திட்டு."

"உப்புத் தண்ணி ஊத்து." குப்பிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மரம் இல்லாட்டா என்ன, அவன் வேற மரம் பாப்பான்."

"அங்கயும் போயி நிப்பேன்பா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அப்போ எங்கிட்ட யாரு நிப்பா?"

இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.