கடைசியாக இயக்கியவர்

எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருக்கிறது. அதுதான் என் ராஜ்ஜியம். யார் வீட்டுப் பரணில் பழைய கணினி கிடந்தாலும் கடைசியில் இங்கே வந்து சேரும். அதன் வட்டில் இருப்பதை அப்படியே நகலெடுத்து, எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துப் பாதுகாப்பது என் வேலை. எமுலேட்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, புதிய கணினிக்குள் பழைய கணினி போல நடிக்கும் ஒரு மென்பொருள். முப்பது வருஷத்துக்கு முந்தைய இயங்குதளம் அந்த நடிப்பை நம்பி, கறுப்புத் திரையில் எழுந்து உட்காரும். இந்த அறையில் எதையும் சுலபமாக நம்புவது அது ஒன்றுதான்.

நான் நம்ப மாட்டேன். மேல்தளத்துக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'போலீஸ்' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெட்டியைக் கொண்டுவருகிறவர் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி, 'கடைசியாக இதை இயக்கியவர் யார்?' நானே அடம்பிடித்துச் சேர்த்த கேள்வி அது. பழைய கணினியைச் சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே உள்ளே தேதிகள் கலைந்துவிடும். அதனால் நான் அசலை இயக்குவதே இல்லை. எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் கருவியை மாட்டி நகலெடுப்பேன்; அப்புறம் நகலோடுதான் பேச்சு. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். "யாருமே தொடலைங்க" என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை நம்பியதில்லை.

அன்று காலை அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா.

அவள் கொண்டுவந்தது அப்பாவின் கணினி. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்களின் லென்ஸ் அளவெல்லாம் அதில்தான் இருந்தது. கடையை ஏற்று நடத்துவாள் என்று அவர் நம்பியிருந்த மூத்த மகள், கப்பலில் எஞ்சின் பார்க்கும் வேலைக்குப் போனாள். அன்றோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒன்பது வருஷம் கழித்துச் சாகும்வரை பேசவில்லை. சாவுக்கும் அவள் வரவில்லை, நடுக்கடலில் இருந்தாளாம். கடையையும் படுக்கையில் கிடந்த அப்பாவையும் பார்த்துக்கொண்டது நான்.

"அப்பா எனக்கு ஒரு லெட்டர் எழுதி இதுல வச்சிருந்தாராம். போன மாசம்தான் மாமா சொன்னார்," என்றாள்.

"பதினெட்டு வருஷமா மாமா தூங்கிட்டு இருந்தாரா?"

"எனக்கு அப்பவே கெடைச்சிருக்கும்னு நெனச்சாராம். ஏதோ பேச்சுவாக்குல கேட்டார்." கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லடி. கடைசியா என்கிட்ட பேசினாரா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

எனக்குப் பொறி தட்டியது. மாமா எப்போதுமே அக்கா கட்சி. பழைய வீட்டைக் காலி செய்ததிலிருந்து இந்தப் பெட்டி அக்கா வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. தானே ஒரு கடிதத்தைத் தட்டி உள்ளே வைத்துவிட்டு, 'அசல்தான்' என்று என் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறாள். முதல் கேள்விக்கு அவள் 'அப்பா' என்று எழுதினாள். நான் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நகலெடுக்க அரை மணி நேரம் பிடித்தது. அக்கா வட்டு சுற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பேரிங் தேஞ்சிருக்கு. சீக்கிரம் எடுத்துக்கோ," என்றாள். நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எமுலேட்டரில் அப்பாவின் கணினி எழுந்தது. கோப்புகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரவழைத்தேன். அப்பா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். கடைசி வரியில் அப்படித் தட்டிய பெயர் ஒன்று இருந்தது, 'பெரியவள்'.

எதையும் திறந்து படிப்பதற்கு முன் தேதியைப் பார்ப்பது என் வழக்கம். கடைசியாகச் சேமித்தது ஆகஸ்ட் பதினாலு, காலை 11:52. அப்பா இறந்ததற்கு அடுத்த வருஷம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

"ஏன்கா, செத்துப்போனவர் எழுந்து வந்து டைப் அடிச்சாரா?"

அக்கா கோபப்படவில்லை. "பழைய வீட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி, அந்த வருஷம் பெட்டி யார்கிட்ட இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"உள்ள இருக்கிற கடிகாரத்தை யாரு வேணாலும் மாத்தலாம். என்கிட்டயே கதை விடாதே."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கே, அதே நாள் போட்டு. அது என்ன?"

பார்த்தேன். 'வேலை'. அதே ஆகஸ்ட் பதினாலு, 11:40. திறந்தேன். ஒரு விண்ணப்பம். இதே நூலகத்துக்கு, நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலிக்கு. கீழே என் பெயர்.

மறந்துவிட்டேன் என்றால் பொய். மறந்ததாக இருக்கப் பழகியிருந்தேன். அன்று விண்ணப்பத்தை முடித்ததும் 'பெரியவள்' கண்ணில் பட்டது. திறந்தேன். 'என் பெரியவளுக்கு' என்று தொடங்கியது. பத்து மாதம் பீ மூத்திரம் அள்ளியவள் நான், கடிதம் அவளுக்கா? விசைப்பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று தட்டிவிட்டு அணைத்தேன். வீட்டைக் காலி செய்தபோது நானே வலியப் பெட்டியை அக்காவின் தலையில் கட்டினேன். என்றைக்காவது கேட்டால், 'உன்கிட்டதானே இருந்துச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போதும் தப்பிக்க வழி இருந்தது. அந்தக் காலத்து மென்பொருள் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்று ஒரு போடு போட்டால் அக்கா நம்பிவிடுவாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தேகம் துளிகூட இல்லாமல்.

"நான்தான்கா தொட்டேன். பார்த்துட்டு உனக்குச் சொல்லல."

"படிச்சியா?"

"முதல் வரி மட்டும்."

அவள் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "தொற," என்றாள்.

திறந்தேன். மேலே அர்த்தமில்லாத ஏழெட்டு எழுத்துகள், என் குத்து. அதற்குக் கீழே அப்பா. அக்கா எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். எனக்குத் திரையைப் பார்க்கத் தெம்பில்லை.

"கடை கெடக்குது கடை. கப்பல் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவை வந்து எனக்குச் சொல்லு." மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "இனிமே என்னால உக்காந்து டைப் அடிக்க முடியாது. சின்னவ எப்படியும் இதைத் தொறந்து பார்ப்பா. பார்த்ததும் உனக்கு அனுப்பிடுவா. அவளை நம்பலாம்."

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டாம் முறை படிக்கவில்லை. எழுந்து, மேஜையிலிருந்த படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"முதல் கேள்விக்குப் பதில் தப்பா இருக்கு. திருத்து."

கேள்விக்குறியை அழித்தேன். 'அப்பா' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சின்னவள்' என்று எழுதினேன்.