மூன்றாவது செய்தி

உங்கள் கணக்கு மீட்கப்பட்டுவிட்டது என்று அரட்டைச் செயலியிலிருந்து மின்னஞ்சல் வந்து நான்கு நாளாகியும் ரமணியால் ஹமீதாவைப் பிடிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. கோயில் குழு வந்தது, பழைய சம்பந்தி வீட்டார் குழு வந்தது, முழங்கால் வலித் தைல விளம்பரம்கூட வழி தவறாமல் வந்து சேர்ந்தது. வரவேண்டிய ஒருத்தியை மட்டும் காணோம். அழைத்தால் மணி அடிப்பதுபோல் அடித்து, தானாகவே அடங்கிவிட்டது.

ரமணி அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தவள். பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும் என்பது அவள் கட்சி. மின்னஞ்சலில் எழுதியிருந்தபடி வெளியேறி மறுபடி உள்ளே போனாள். செயலியை அழித்து மறுபடி இறக்கினாள். போனை அணைத்து, முப்பதுக்கு நாற்பதாகவே எண்ணி, மறுபடி போட்டாள். வைஃபையை விட்டு டேட்டாவுக்கு வந்தாள். ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி எதிரே டிக் போட்டாள். காகிதம் நிறைந்தது, ஹமீதா வரவில்லை.

கழிப்பதற்கு இயந்திரம் தீர்ந்துபோனதும் மனம் அவளையே கழிக்கத் தொடங்கியது. கணக்குத் திருடு போவதற்கு முந்தின நாள் பேச்சு ஞாபகம் வந்தது. இந்த நோன்புப் பெருநாளுக்கும் வர முடியாது என்று ஹமீதா சொன்னதற்கு, "அப்ப அங்கயே இருந்துக்குங்க, யாரு கூப்புட்டா" என்று இவள் வெடுக்கென்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு திரும்ப அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை, வீம்பு.

டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஹமீதா அடுத்த வீடு. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். சாயந்திரம் ஐந்து மணிக்குத் தேநீர் கலக்கியானதும் ஹமீதா கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொன்று தட்டுவாள். தண்ணி ஆச்சு, வெளியே வா என்று அர்த்தம். ஆளுக்கொரு கோப்பையோடு நடைபாதைக் கம்பியில் சாய்ந்து நிற்பார்கள். ரமணியின் கணவர் இறந்த வருஷம் முழுக்க அந்தத் தட்டுதான் அவளை எழுந்து முகம் கழுவ வைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் மகன் ஹமீதாவைக் கடல் தாண்டிப் பெர்த்துக்கு அழைத்துக்கொண்டான். அங்கேயும் இங்கேயும் ஒரே மணி என்பதால் ஐந்து மணித் தேநீர் நிற்கவில்லை, போனுக்கு மாறியது, அவ்வளவுதான். அவளிடம் இருப்பது மகனின் பழைய டேப்லெட், சிம் கிடையாது. மகன் நம்பரை ரமணி கேட்டு வாங்கியதே இல்லை. தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்?

ஐந்தாம் நாள் பஸ் பிடித்து லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். நகைக்கடைக்கும் மசாலாக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் போன் கடை ஹைதருடையது. நாற்பது வயது, சிரிப்பு குறைவு, வேலை சுத்தம். போனை வாங்கிப் புரட்டினான்.

"அக்கா, கணக்குல ஒரு கோளாறும் இல்ல. நீங்க அனுப்புன ரெண்டு மெசேஜும் போயித்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க?"

"இது யாரு, வடிவம்மாள்?"

"நாந்தான். ஐசியில உள்ள பேரு. கணக்க மீட்க ஐசிய படம் புடிச்சு கேட்டானுங்க, அந்தப் பேரையே போட்டுட்டானுங்க."

"அவங்களுக்கு அந்தப் பேரு தெரியுமா?"

வடிவம்மாள் என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஐசி என்கிற அடையாள அட்டைக்கும் தொழிற்சாலை அட்டைக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் உரிய பெயர். வீட்டிலும் வாசலிலும் அவள் ரமணிதான். ஹமீதாவிடம் சொல்ல என்றைக்குமே அவசியம் வந்ததில்லை.

ஹைதர் விளக்கினான். திருடன் ஹமீதாவுக்கும் ஏதாவது எழுதியிருப்பான். மகன் பயந்துபோய் ரமணியை நண்பர் பட்டியலிலிருந்தே தூக்கியிருப்பான். இப்போது இவள் அனுப்புவது, முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவது போய்ச் சேரும் தனிப்பெட்டியில் கிடக்கும். படமில்லாத ஒரு வடிவம்மாள், 'அக்கா நாந்தான்' என்றும் 'எடுங்க அக்கா' என்றும் எழுதியிருக்கிறாள்.

"திருடன் இப்படித்தான்லா எழுதுவான், அக்கா."

"ரமணின்னு எழுதி அனுப்புறேன்."

"அவனும் ரமணின்னுதான எழுதிருப்பான்? உங்க படத்தயும் அவன் வெச்சிருந்தான். பேர மாத்தறதுக்கு அறுபது நாள் ஆகும். அவங்க ஏத்துக்கிற வரைக்கும் மூணு மெசேஜ்தான். இன்னும் ஒன்னு பாக்கி. அதுலயும் சந்தேகப்பட்டு ப்ளாக் பண்ணிட்டாங்கன்னா, முடிஞ்சிச்சி."

கடையை விட்டு வெளியே வந்தவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஹமீதாவுக்குக் கோபமில்லை, அது போதும். பஸ் நகர நகர அந்த நிம்மதி கரைந்து, அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. ஹமீதாவின் ஐசியில் என்ன பெயர் இருக்கும்? ரமணிக்கும் தெரியாது. முழங்கை மரு தெரியும், மருமகளைப் பற்றிச் சொல்லாமல் விழுங்குவது தெரியும், சீனி எத்தனை கரண்டி என்று தெரியும். ஒரு அதிகாரி முன்னால் நின்று இவள் என் சிநேகிதி என்று நிரூபிக்கச் சொன்னால் கையில் ஒரு தாளும் இல்லை. ரமணிக்கு அழுகை வந்தது, பஸ்ஸிலேயே அழுதாள். அவள் காணாமல்போன இருபத்தைந்து நாளில், என்னம்மா உன்னைக் காணோமே என்று கோயில் குழுவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தாக ஐந்து நிமிஷம். பழைய ஹமீதா வீட்டு வாசலில் பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி, மேலே ஒரு ஹெல்மெட். யாரோ குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை போல. ஆணா பெண்ணா என்றுகூட அவள் பார்த்ததில்லை, இருமல் மட்டும் சுவர் வழியாகக் கேட்கும்.

தேநீர் கலக்கினாள். மூன்றாவது செய்தியை எழுதினாள், அழித்தாள். பெருநாளைப் பற்றி எழுதினாள், அழித்தாள். எதை எழுதினாலும் திருடன் எழுதியது போலவே இருந்தது. கோப்பையில் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்தாள். பிறகு குரல் பதிவுப் பொத்தானை அமுக்கிப் போனைச் சுவரோடு சேர்த்து வைத்தாள்.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

ஒரு வார்த்தை பேசவில்லை. அனுப்பிவிட்டாள். ஒற்றை டிக் விழுந்தது. இனி அனுப்ப முடியாது என்று அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது.

தேநீரில் ஆடை படிந்தது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சத்தம் கேட்டது. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

அவள் பாய்ந்து போனைத்தான் எடுத்தாள். திரை அப்படியே இருந்தது, அதே ஒற்றை டிக். சத்தம் மறுபடியும் வந்தது, இந்தமுறை கொஞ்சம் தயங்கி, சரியாகத் தட்டுகிறோமா என்று பார்ப்பதுபோல. சுவரிலிருந்து.

ரமணி ஒரு கையில் போனும் மறு கையில் ஈரம் சொட்டும் கரண்டியுமாக நின்றாள்.